ஷிஃப்ட் கணக்கு

பனியன் கம்பெனியில் ஆறு வருடம் ஷிஃப்ட் கணக்கு எழுதினவள் நான். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போய் ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஷிப்மென்ட் அவசரம் என்றால் விடிய விடிய ஓடும். சனிக்கிழமை சம்பளம். யார் எத்தனை ஷிஃப்ட் நின்றார்கள் என்று நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். பையனுக்கு மூன்று வயது ஆகும்போது அந்த வேலையை விட்டேன். அதற்கப்புறம் வீட்டில் நான் நின்ற ஷிஃப்டை யாரும் எழுதி வைக்கவில்லை, நானும்தான்.

இப்போது அவனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் இருக்கிறது. இதை இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இரண்டரை வயதில் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான். வீட்டுக்காரர் கொண்டுவரும் காலி நூல் கோனைத் தரையில் சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே கிடப்பான். அத்தை, "அவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல கண்ணு, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார். சோதிடர் அடுத்த பெயர்ச்சி வரை பொறுக்கச் சொன்னார். உறவில் ஒருவர் குலதெய்வத்துக்குக் கெடா நேர்ந்துகொள்ளச் சொன்னார். நேர்ந்துகொண்டோம், வெட்டினோம், ஒறம்பரைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வழி காட்டியது அங்கன்வாடி டீச்சர்தான். ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு திட்டம், 2013-ல் தொடங்கியது. அதன் டாக்டர் குழு வண்டியில் வந்து அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். அன்றைக்கு லீவு போட வேண்டாம் என்று டீச்சர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து சொன்னார். வந்த டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார், ஒரு சீட்டு எழுதினார், அரசு மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி.க்குப் போகச் சொன்னார். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மையம் அது. காசு இல்லை.

அங்கே முதலில் காது. பேச்சு வராத பிள்ளைக்குக் கேட்கிறதா என்று உறுதி செய்யாமல் வேறு எதையும் முடிவு செய்ய மாட்டார்களாம். பேரா டெஸ்ட் என்பார்கள்; பிள்ளை தூங்கும்போதுதான் எடுக்க முடியும். ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வாருங்கள் என்றார்கள். பன்னிரண்டு மணி வரை அவனோடு கோன் சுற்றினேன், நாலு மணிக்கு எழுப்பினேன். பஸ் ஏறின ஐந்தாவது நிமிடம் மடியில் தூங்கிவிட்டான். எழுப்பினாலும் எழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கண்ணைத் திறந்தவன் சாயந்திரம் வரை மூடவில்லை. இப்படியே இரண்டு தடவை. மூன்றாவது தடவை தூக்கத்துக்கு மருந்து கொடுத்து எடுத்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதேன். காது கேட்கவில்லை என்று வந்திருந்தால் மெஷின் வைத்துச் சரிசெய்திருக்கலாமே என்று அன்றைக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் மனநல நிபுணர். ஐ.எஸ்.ஏ.ஏ. என்று நம் நாட்டுக்கென்றே ஒரு மதிப்பீடு இருக்கிறது: 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டல் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 106 வரை லேசானது. இவனுக்கு 96 வந்தது. "லேசானதுதானாம்" என்று வீடே மூச்சு விட்டது. ராத்திரி மூன்று மணிக்குக் கதவைப் போய்த் தட்டுகிறவனைப் பிடித்து உட்காரவைக்கும் எனக்குத்தான் அந்த 'லேசு' விளங்கவில்லை.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்று நிபுணரிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை முதலில் விரிவாக எழுதிய பிறகு, பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது என்று மேல்நாட்டிலேயே வெகுகாலம் நம்பினார்களாம். அதை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படித்தவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். 1965-ல் அவரும் மற்ற பெற்றோர்களும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். கேட்கும்போது கொஞ்சம் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தால், "செல்லக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்ட" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தெம்பு இறங்கிவிட்டது.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி என்கிற ஆக்குபேஷனல் தெரபி. மீதி நேரமெல்லாம் நான். அந்த வருடத்தைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை, எல்லா நாளும் ஒரே நாள்தான்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. போகாமல் இருக்க முடியாது, பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். தப்பட்டைச் சத்தம் தொடங்கியதுமே பையன் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான். வெடி போட்டபோது என் கையைக் கடித்தான். சுற்றி நின்றவர்களில் ஒரு அம்மா, "புள்ளைய இப்படியா வளத்துவாங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் காதில் விழுந்தது. மொபெட்டில் முன்னால் நிற்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். ஒரு அடி இல்லை. அவன் அழவில்லை. கோனை எடுத்துச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டான். அடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் என்ன செய்வேனோ என்று பயந்து வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன்.

14416 என்ற எண் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "பையன் இப்பப் பத்திரமா இருக்கானுங்களா?" அடுத்தது, "நீங்க சாப்பிட்டீங்களா?" இரண்டாவது கேள்விக்குத்தான் உடைந்துபோனேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. கை ஓங்கத் தோன்றினால் அவனைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், இரண்டு நிமிடம் அழுதால் பரவாயில்லை என்றார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார், அவனுக்காக இல்லை, எனக்காக.

போனேன். அவனுக்கு 40 கேள்வி என்றால் எனக்கு ஒன்பது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது மனம் ஒட்டுகிறதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 27-க்கு 14 வந்தது. மனச்சோர்வு, நடுத்தரம். 'லேசு' என்று சொல்லாததே எனக்கு ஆறுதல். சில மாதம் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனை.

ஆனால் என் பொழப்பை மாற்றியது பயிற்சி அறைக்கு வெளியே இருந்த மர பெஞ்சுதான் என்பேன். பிள்ளைகள் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரம் நாங்கள் வெளியே காத்திருப்போம். காங்கேயத்திலிருந்து வரும் ஒரு அக்கா, பல்லடத்திலிருந்து ஒரு பெண், ஊத்துக்குளியிலிருந்து பேரனைப் பஸ்ஸில் கூட்டிவரும் ஒரு பெரியவர். ஊத்துக்குளி என்றதும் எல்லாரும் வெண்ணெய் கேட்பார்கள். "வெண்ணெய்க்கா இத்தன தூரம் வாறேன்" என்று சிரிப்பார். எங்கே என்ன கிடைக்கும் என்பது பெஞ்சுக்குத்தான் தெரியும். 2016-ம் வருடச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று என்று எனக்குச் சொன்னது காங்கேயத்து அக்காதான். அறிவுசார் குறைபாடு உள்ள மகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வாங்குகிறவர் அவர். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கு, நிராமயா காப்பீட்டில் சேர் என்று விடாமல் சொன்னார். நிராமயா மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு, வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வீட்டுக்காரர்தான் எட்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. "கார்டு வாங்கிட்டா முத்திரை குத்துன மாதிரி ஆயிருமில்ல" என்பார். ரேஷன் கார்டும் முத்திரைதானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பெரியவரை ஒரு நாள் இவரோடு டீக்கடைக்கு அனுப்பினோம். என்ன பேசினார்களோ, மறுநாள் இவரே போட்டோ எடுக்கக் கூட்டிப்போனார்.

பெஞ்சில் வாட்ஸப் குழு ஒன்றும் தொடங்கினார்கள். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான், ஆனால் முடியாது. மூன்றாவது வாரமே ஸ்டெம் செல் சிகிச்சை விளம்பரம் வந்தது. பல்லடத்துப் பெண் நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போய்விட்டாள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் நிபுணரிடம் கூட்டிப்போய் அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் நகை பீரோவுக்குத் திரும்பியது. நான் குழுவை ஊமையாக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் உதவிக்கு வருவதில்லை என்று பெரியவரிடம் புலம்பினேன். "நீ என்னன்னு கேட்ட அம்முணி?" என்றார். "ஒத்தாசையா இருங்கன்னு கேட்டனுங்க" என்றேன்.

"அதென்ன கேக்கறது? தோட்டத்துக்கு ஆளு கூப்பிடறப்ப 'வந்து ஒத்தாச பண்ணுங்க'ன்னா எவன் வருவான்? மஞ்சக்காட்டுல களை, நாளைக்கு எட்டு மணி, நாலு ஆளுன்னு சொல்லோணும். மணியச் சொல்லு, வேலையச் சொல்லு. முடியறவன் வருவான், முடியாதவன் முடியாதும்பான். உனக்கும் வெசனமில்ல."

ஆறு வருடம் ஷிஃப்ட் எழுதினவளுக்கு இதை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு நீள நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன், கம்பெனியில் போடுகிற மாதிரியே. ஒரு வாரம் நான் நின்றதை மட்டும் எழுதினேன். அவன் தூங்கிய நேரம் போக, வாரத்துக்கு பன்னிரண்டு ஷிஃப்டுக்கு மேல் வந்தது. வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். அவர் கட்டிங் மாஸ்டர், அளவு தெரிந்தவர். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஞாயித்துக்கிழம காத்தால ஆறுலிருந்து பத்து வரைக்கும் என்னுது" என்று அவரே பேனாவை வாங்கி எழுதினார். முதல் ஞாயிறு, பையன் ஒரு மூலையிலும் இவர் செல்லோடு ஒரு மூலையிலும் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணி நேரமும் இருந்தார், அது கணக்கில் சேரும்.

அண்ணி முறையாகும் நங்கையிடம் புதன்கிழமை இரண்டு மணி நேரம் கேட்டேன். மூன்று வாரம் வந்தார், அப்புறம் வரவில்லை. கேட்டதற்கு, "எனக்குப் பயமா இருக்கு கண்ணு, எங்கியாவது ஓடீட்டான்னா?" என்றார். நேராகச் சொன்னதே பெரிது. எதிர்வீட்டுக் காலேஜ் பெண் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். இன்னும் வருகிறாள்.

அத்தைதான் எனக்கு ஆச்சரியம். ஆட்டிசம் என்பதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கெல்லாம் அவசரம்" என்பார். ஒத்துக்கொள்ளவைக்க ஒன்றரை வருடம் சண்டை போட்டிருக்கிறேன். நோட்டுப் போட்ட பிறகு அதை விட்டுவிட்டேன். "சாயந்தரம் அஞ்சுலிருந்து ஆறு வரைக்கும் அவனை வெச்சுக்கறீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். அவன் சாப்பிடுவது இரண்டே பொருள், வெறும் சோறும், இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தகையும். அத்தை சந்தகை அச்சின் கைப்பிடியை அவன் கையில் கொடுத்துவிட்டார். சுழலும் சாமான் எதுவானாலும் அவனுக்கு உயிர். இவன் சுற்ற, அவர் கீழே தட்டைத் திருப்ப, தினமும் சந்தகைதான். வீட்டில் மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. தொழில்வழிப் பயிற்சி டீச்சர் கேட்டுவிட்டு, "கைக்கு இதவிட நல்ல பயிற்சி நாங்களே குடுக்கலைங்க" என்றார். போன மாதம் "சுத்து" என்றான். அத்தை, "பாத்தியா, பேசறான்" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் நாலு மணி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ் ஏறி அவினாசி போனேன். கோயிலுக்குள் போகாமல் வாசலில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து வீட்டிலேயே பின்கட்டில் தூங்குகிறேன். இப்போது ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன், வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் அளவுக்கு. கை ஓங்கத் தோன்றிய நாள் அதற்கப்புறம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த அறைக்குப் போகிறேன்.

இந்த வருடமும் நோம்பி வந்தது. வீட்டுக்காரர் நோட்டை எடுத்து, "ஏழுலிருந்து எட்டரை நான் நிக்கறேன், நீ போயிட்டு வா" என்றார். மாவிளக்கு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தப்பட்டைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டேன். எனக்கு அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், மறந்தே போயிருந்தேன். போன வருடம் பேசிய அதே அம்மா பக்கத்தில் வந்தார்.

"ஏம்முணி, பையனக் காணோம்?"

"அவங்கப்பாகூட வீட்ல இருக்கானுங்க."

"அய்யோ பாவம், ஆம்பள எப்படித் தனியாப் பாப்பாங்க?"

மணி எட்டுதான் ஆகியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று மாவிளக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தேன்.