கொடைக்கானல் பெட்டியும் மதுரை மல்லியும்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒயின் குடிக்கும் பழக்கம் கிடையாது. ஆனாலும் கூடத்தில் ஓர் ஒயின் கூலர் நிற்கிறது. கொடைக்கானலில் ஒரு விடுதியை மூடியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டில் வாங்கப் போன மச்சான், கட்டிலை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பு உயரம், கண்ணாடிக் கதவு, பாட்டில்களைப் படுக்க வைக்கக் கம்பித் தட்டுகள். அம்மா பார்த்ததுமே ‘சாராயப் பெட்டி’ என்று பெயர் சூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் வாசற்படியைத் தாண்ட விட்டார்.

மச்சானின் திட்டம் வேறு. அக்கா வீட்டிலிருந்தே பூக் கட்டிக் கொடுக்கிறாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மொட்டாக வாங்கி வரும் மல்லி, பொழுது சாய்ந்தால் யாரையும் கேட்காமல் மலர்ந்துவிடும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவாயிற்றே, கொஞ்சம் கர்வம் இருக்கத்தானே செய்யும். முகூர்த்த நாளில் விலை எகிறும் என்று முதல் நாளே வாங்கி வைத்தால், மொட்டைத் தூங்க வைக்கக் குளிர்ச்சி வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தாயிற்று. மறுநாள் காபியில் மல்லிகை மணத்தது. அப்பாவுக்கு அன்று முழுவதும் யாரையும் பிடிக்கவில்லை.

பூவை ஒயின் கூலருக்குக் குடியேற்றியதும் அடுத்த பிரச்சினை. மேல்தட்டில் மொட்டு ஜில்லென்று இருந்தது, கீழ்த்தட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டியில் கம்ப்ரசர் இல்லை. 1834இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதியில்தான் ஓடுகிறது: ஒரு தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளியில் இருக்கும் வெப்பத்தைவிடப் பதினைந்து, இருபது டிகிரி குறைக்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. கொடைக்கானலில் அது ராஜா. மதுரைச் சித்திரை வெயிலில் பாவம், மூச்சு வாங்குகிறது. இருக்கிற குளிரையாவது எல்லாத் தட்டுக்கும் பங்கு போட, உள்ளே ஒரு சின்ன ஃபேன் வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்குமே, அந்த 12 வோல்ட் ஃபேன். அதை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கினார் மச்சான்.

ஃபேன் வந்துவிட்டது. மூடிய பெட்டிக்குள் மின்சாரம் எப்படிப் போவது?

முதலில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியையே உள்ளே வைத்து, ஒயரைக் கதவு வழியாக வெளியே இழுத்தார். கதவின் ரப்பர் அந்த ஒயர்மேல் உட்கார மறுத்தது. விரல் கனத்துக்கு ஓர் இடைவெளி. குளிர் வெளியே போனது, பல்லி உள்ளே போனது. ஈரப் பூவுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் இருப்பது ஒருபுறம், அதை 12 வோல்ட்டாக மாற்ற உள்ளேயே செருகிய கறுப்பு அடாப்டர் தன் பங்குக்குச் சூடு கிளப்பியது மறுபுறம். அக்காவுக்கு வோல்ட் பற்றிக் கவலையில்லை. பல்லியைப் பார்த்ததும் திட்டத்தை ரத்து செய்தாள்.

அடுத்தது பவர் பேங்க். ஒயரே வேண்டாம், உள்ளேயே படுத்துக் கிடக்கட்டும் என்றார். அதற்கென்று யூஎஸ்பியில் ஓடும் குட்டி ஃபேன் ஒன்றும் வந்தது. ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. தட்டினால் ஓடும், மறுபடி நிற்கும். போனுக்குச் சார்ஜ் ஏற்றிப் பழகிய பவர் பேங்க்குக்கு, இந்தக் குட்டி ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எதுவும் செருகவில்லை என்று முடிவு செய்து அணைந்துவிடுகிறது. பெரிய மனிதர்கள் சிலரும் இப்படித்தான்.

பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தார். பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு விளக்கு இருக்கிறதே, அந்த ஒயரிலேயே சேர்த்துவிடலாம் என்றார். “விளக்கும் 12 வோல்ட், ஃபேனும் 12 வோல்ட், பத்துப் பொருத்தமும் இருக்கிறது சார்.” வேலை சுத்தமாக முடிந்தது. கதவைத் திறந்தால் ஃபேன் ஜம்மென்று சுழன்றது. வந்தவர் போனவர் எல்லாருக்கும் மச்சான் திறந்து காட்டினார். எதிர்வீட்டு ஆச்சி குனிந்து காற்று வாங்கிவிட்டே போனார். கீழ்த்தட்டுப் பூ மட்டும் பழையபடி சிரித்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் அக்கா மகன். செல்போனில் வீடியோவை ஓடவிட்டுப் பூக்கூடை நடுவே நிறுத்திக் கதவை மூடினான். எடுத்துப் பார்த்தால், கதவு மூடிய நொடியில் இருட்டு. ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. அந்த விளக்கு கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். ஃபேன் ஊருக்கு முன்னால் மட்டும் உழைத்திருக்கிறது. மச்சான் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். எலெக்ட்ரீஷியனிடம் காட்டியபோது அவர், “ஃபேன் ஓடுகிறதே சார்” என்றார், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு.

வழி பெட்டியின் முதுகிலேயே இருந்தது. உள்ளே குளிர்ந்து சொட்டும் தண்ணீர் வெளியேற, கீழே ஒரு துளை. அடாப்டரை வெளியே சுவரில் மாட்டி, மெல்லிய 12 வோல்ட் ஒயரை மட்டும் அந்தத் துளை வழியாக உள்ளே அனுப்பினோம். துளையை முழுக்க அடைத்தால் உள்ளே குளம் கட்டும். அதனால் ஓரத்தில் இடம் விட்டோம். மச்சான் ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். அம்மா எட்டிப் பார்த்து, “தண்ணீர் இதைப் பிடித்துக்கொண்டே அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் போய்விடாதா? கொஞ்சம் தொங்க விடு, அங்கேயே சொட்டிவிடும்” என்றார். தொங்கவிட்டோம். அங்கேயே சொட்டுகிறது.

கீழ்த்தட்டு மொட்டும் இப்போது கட்டுப்பாடாக இருக்கிறது. ஆனால் மச்சானுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அடாப்டர் இரண்டு ஆம்பியர். ஃபேன் இழுப்பது கால் ஆம்பியரைக்கூடத் தாண்டுவதில்லை. பனி தெளிக்கும் கருவி வைக்கலாமா, கலர் விளக்கு மாட்டலாமா என்று ஈஸிசேரில் சாய்ந்தபடி கணக்குப் போடுகிறார்.

“மாப்பிள்ளை, ஒன்றே முக்கால் ஆம்பியர் சும்மா கிடக்கிறது!”

அக்கா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. “இந்த வீட்டில் சும்மா கிடப்பது ஆம்பியர் மட்டுமில்லை” என்று சொல்லி, ஒரு கூடை மொட்டையும் நார்ச்சுருளையும் ஈஸிசேர் பக்கம் தள்ளினாள்.