நாணயம் தீர்மானிக்கட்டும்: ஒரு சுயபரிசோதனை நாட்குறிப்பு

ஜனவரி 4

இந்த ஆண்டு புதிய தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்திருக்கிறேன்: என் வேலையை உண்மையிலேயே மேம்படுத்துவது எது?

அதிகாலையில் எழு, கைப்பேசியைத் தள்ளி வை, பிற்பகலில் காபி குடிக்காதே என்று அறிவுரைகளுக்குக் குறைவில்லை. சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் பலருக்குப் பலித்திருக்கும். ஆனால் ஆயிரம் பேரின் சராசரி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நான் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள என்னையே சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அமையாது. நான் தவறவிட்ட பிழை தாளிலேயே இருக்கும். நான் களைத்திருந்தேனா, உற்சாகமாக இருந்தேனா என்று அது கேட்காது. எனக்குப் பிறகு அதே பக்கங்களை அக்கா இரண்டாம் மெய்ப்புப் பார்க்கிறாள். அவள் கண்ணில் தப்புவது மிகக் குறைவு.

ஜனவரி 6

அக்காவிடம் திட்டத்தைச் சொன்னேன். காலையில் நான் முதலில் பார்க்கும் பத்துப் பக்கங்களில் எத்தனை பிழைகளை விட்டிருக்கிறேன் என்று அவள் தனி நோட்டில் குறித்துக்கொண்டே வர வேண்டும். சோதனை முடியும்வரை நான் அதைத் திறக்க மாட்டேன்.

"சரி. ஆனால் எந்த நாளில் என்ன மாற்றம் செய்தாய் என்று என்னிடம் சொல்லாதே" என்றாள். "தெரிந்துவிட்டால் என் கண்ணும் அதற்குத் தகுந்தபடிதான் தேடும்."

மருத்துவ ஆய்வுகளில் மதிப்பிடுபவரிடம் சிகிச்சை விவரத்தை மறைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். அக்கா அதை எங்கும் படித்தவள் அல்ல. பல ஆண்டுகள் பிழை தேடிய அனுபவத்தில் வந்த தெளிவு அது.

இன்னொன்றும் முடிவுசெய்தோம். பத்துப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் ஊர்ந்து ஊர்ந்து படித்தே பிழைகளைக் குறைத்துவிட முடியும். ஓர் அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்ற கருத்து, பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணவியல் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. மேசை முன் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஜனவரி 9

உணர்வை ஏன் நம்பக்கூடாது என்று ஒரு நண்பர் கேட்டார். "நாள் நன்றாகப் போனதா இல்லையா என்பது உனக்கே தெரியாதா?"

2003-இல் வெளியான ஓர் ஆய்வை அவரிடம் சொன்னேன். இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மட்டும் தூங்கவைக்கப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. கவனம் விழுந்தது, விழுகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து "இன்று நன்றாக இருக்கிறேன்" என்ற என் சொந்தச் சான்றிதழை நான் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

ஆனாலும் உணர்வையும் பதிவுசெய்யப் போகிறேன். பத்துப் பக்கம் முடிந்ததும், அன்றைய கவனத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவிடுவேன். கடைசியில் அக்காவின் நோட்டையும் என் மதிப்பெண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஜனவரி 13

ஒரே ஆள் தன்னைத்தானே ஆராய்ந்து என்ன கண்டுவிட முடியும் என்ற ஐயம் எனக்கும் வந்துபோனது உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸை நினைத்தால் அது அடங்கிவிடும். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னிடமே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி வளைகோடு அங்கிருந்துதான் வந்தது. அந்த ஆய்வின் ஒரே பங்கேற்பாளர் அவர்தான்.

என்னைக் கவர்ந்தது அவருடைய விடாமுயற்சியைவிட அவருடைய ஒழுங்கு. நாளின் வெவ்வேறு வேளைகளில் தன் மனம் ஒரேபோல் இயங்குவதில்லை என்று கண்டு, அந்த வேறுபாட்டையும் கணக்கில் கொண்டார். ஆகவே நானும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், ஒரே விளக்கின் கீழ் உட்காருகிறேன். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜனவரி 15

முதல் சோதனை கைப்பேசி. தினமும் காலையில் நாணயத்தைச் சுண்டுகிறேன். தலை விழுந்தால் கைப்பேசி அடுத்த அறைக்குப் போகும். பூ விழுந்தால் மேசையிலேயே, ஒலியை நிறுத்திக் கவிழ்த்து வைக்கப்படும்.

கைப்பேசி அருகில் இருப்பதே சிந்தனைத் திறனைக் குறைக்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. தொடக்கூட வேண்டியதில்லையாம். பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. ஆய்வாளர்களே ஒன்றுபடாத இடத்தில் நான் யாரை நம்புவது? என் மேசையில்தான் விடை தேட வேண்டும்.

நாணயம் எதற்கு? நானே தேர்ந்தெடுத்தால், மனம் தெளிவாக இருக்கும் நாளில்தான் கைப்பேசியை அடுத்த அறையில் வைக்கத் தோன்றும். பிறகு தெளிவுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் அடுத்த அறைக்குக் கிடைத்துவிடும். இன்னொரு கண்ணியும் உண்டு. மிக மோசமான ஒரு வாரத்துக்குப் பிறகுதான் நாம் புதுப் பழக்கத்தைத் தொடங்குகிறோம். மிக மோசமானதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் அதைவிடச் சற்று மேலாகத்தான் இருக்கும். எதுவுமே செய்யாவிட்டாலும் அப்படித்தான். பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை ஆராய்ந்து பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதியது இந்தச் சராசரிக்குத் திரும்பும் இயல்பைப் பற்றித்தான். வாழ்க்கையை மாற்றியதாகப் போற்றப்படும் எத்தனையோ பழக்கங்களுக்கு இந்த இயல்புதான் பின்னணியில் உழைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜனவரி 27

எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. நாணயம், பத்துப் பக்கம், மதிப்பெண், நேரம். நோட்டைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் தினமும் வருகிறது. அக்கா அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 10

நோட்டைத் திறந்தோம்.

கைப்பேசி அடுத்த அறையில் இருந்த நாட்களில் தவறவிட்ட பிழைகள் குறைவு. நேரமும் கூடவில்லை. ஆனால் இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாமே? அதையும் கையாலேயே சோதித்தோம். ஒவ்வொரு நாளின் பிழை எண்ணிக்கையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினோம். சீட்டுகளைக் கலக்கி, கண்ணை மூடி இரண்டு குவியலாகப் பிரித்து, இரண்டின் சராசரிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்தோம். மறுபடி கலக்கினோம், மறுபடி பிரித்தோம். மாலை முழுவதும் இதுதான் வேலை. நாங்கள் கண்ட அளவு இடைவெளி வெறும் குலுக்கலில் அபூர்வமாகத்தான் வந்தது.

தேநீரில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்ற பெண்ணைச் சோதிக்கும் முறையை ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் விளக்கினார். எட்டுக் கோப்பைகள், அவற்றில் நான்கில் பால் முதலில். குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. எங்கள் சீட்டுக் குவியலுக்குப் பின்னால் இருப்பதும் அதே தர்க்கம். இதற்குக் கணினிகூடத் தேவைப்படவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பொறுமையுள்ள எவரும் செய்யலாம்.

இரவு என் மதிப்பெண்களை அக்காவின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. ஒன்பது போட்ட நாளில் வரிசையாகப் பிழைகளை விட்டிருக்கிறேன். ஐந்து போட்டு, எரிச்சலோடு எழுந்துபோன ஒரு நாளில் எதையுமே விடவில்லை. நெடுநேரம் யோசித்தேன். வரிகள் தடையின்றி ஓடும்போது மனம் மகிழ்கிறது. மெய்ப்புக்கு அந்த ஓட்டமே பகை. எழுத்தில் கண் நின்று, தடுக்கி, ஐயப்பட்டுத் திரும்பினால்தான் பிழை சிக்கும். அப்படித் தடுக்கித் தடுக்கிப் போன நாளை மனம் 'மோசமான நாள்' என்று எழுதிவைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக 'நல்ல நாள்' எது என்று நான் வைத்திருந்த கணக்கைக்கொண்டே பழக்கங்களைத் தேர்ந்திருக்கிறேன் என்பதை எண்ணும்போது, இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே சோதனை தகும் என்று தோன்றியது.

பிப்ரவரி 13

கைப்பேசி இனி அடுத்த அறையில்தான். பழக்கம் படியும்வரை பொறுக்க வேண்டும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பிச் சோர்ந்தவர்கள் அதிகம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு ஒன்றில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு எத்தனை நாள் ஆனாலும் சரி.

பிப்ரவரி 16

அடுத்தது பிற்பகல் காபி. அது மறுநாள் காலைப் பிழைகளைக் கூட்டுகிறதா என்பதே கேள்வி. கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதை என்னிடமிருந்து மறைக்க முடியாது, காபியில் அது முடியும். கஃபீன் என்ற ஊக்கப்பொருளை நீக்கிய தூள் ஒரு டப்பாவில், வழக்கமான தூள் இன்னொன்றில். அத்தான் நாணயத்தைச் சுண்டிக் கலந்து கொடுப்பார், தேதியைத் தானே குறித்துக்கொள்வார். எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதே, நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்" என்றார் அத்தான். இந்த முறைக்கும் பழைய வேர் உண்டு. ஆல்கஹாலும் கஃபீனும் களைப்பை எப்படி மாற்றுகின்றன என்று தன்னிடமே சோதித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், எது மருந்து எது வெறும் பானம் என்று தனக்கே தெரியாதபடி சுவையை மறைத்தார். 1908-இல் அந்த முடிவுகள் நூலாயின.

காலைக் காபியில் கை வைக்கவில்லை. வழக்கமாகக் குடிப்பவர் அடியோடு நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலியும் சோர்வும் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அந்தத் தலைவலி கணக்கைக் குழப்பிவிடும். பிற்பகல் கோப்பை மட்டும் என்றால் அந்தச் சிக்கல் குறைவு. உடலில் உள்ள கஃபீன் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிறது, ஆகவே மறுநாள் அதே வேளையில் அது முப்பதில் ஒரு பங்களவுக்கு இறங்கியிருக்கும். ஒரு நாளின் மிச்சம் அடுத்த நாளைப் பெரிதாகக் கெடுக்காது. ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறும் என்பதும் உண்மை. என்னைச் சோதிக்க அதுவே இன்னொரு காரணம்.

மார்ச் 3

இடையில் ஒரு வாரம் அதிகாலையில் எழுந்து பார்க்கலாமா என்று நண்பர் கேட்டார். மறுத்துவிட்டேன். இரண்டு மாற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் இரண்டைப் பற்றியும் எதுவும் தெரியாமல் போகும். அவரவர் உடல் கடிகாரம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. தாமதமாகத் தூக்கம் வருபவர் எழும் நேரத்தை மட்டும் முன்னே இழுத்தால், தூக்கத்திலிருந்துதான் அந்த நேரத்தை எடுக்கிறார்.

மார்ச் 14

அத்தானின் தாளும் அக்காவின் நோட்டும் ஒரே மேசையில்.

எந்த நாள் கஃபீன், எந்த நாள் இல்லை என்று நான் எழுதிவந்த ஊகங்கள் நாணயத்தைவிட மேலாக இல்லை. "இன்று நிச்சயம் கஃபீன்தான்" என்று அடிக்கோடிட்ட ஒரு நாளில் கஃபீன் இல்லை. காலைப் பிழைகளில் சிறு வேறுபாடு தெரிகிறது, கஃபீன் குடித்த நாளின் மறுநாள் சற்று மோசம். சீட்டுகளைக் கலக்கினால் அதே அளவு இடைவெளி அடிக்கடி வருகிறது. ஆகவே இதை விடை என்று சொல்ல மாட்டேன்.

படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. என் கோப்பையில் அவ்வளவு இருக்காது. விளைவு சிறிது என்றால் அதைக் காண நீண்ட காலம் வேண்டும். காபியை விட்டுவிடவும் வேண்டாம், குற்றமற்றது என்று அறிவிக்கவும் வேண்டாம். தொடர்வோம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

எப்போது நிறுத்துவது என்பதை இன்றே எழுதிவைத்தோம்: மே மாதக் கடைசி நாள். இடையில் எண்ணிப் பார்த்து, சாதகமாகத் தெரியும் நாளில் நிறுத்தினால் நாணயம் சுண்டியதற்கே பொருளிருக்காது. அதுவரை தாள் அத்தானிடம், நோட்டு அக்காவிடம். நாளைய பத்துப் பக்கங்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. அடிக்குறிப்புகள் நிறைந்த அத்தியாயம், நேரம் பிடிக்கும்.