அரைமண்டி போதாது
பினாங்கில் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வகுப்புக்கு வரும் தமிழ்ப் பெண்களில் பரதம் கற்றவர்கள் நிறைய. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் பரத நிலைதான் அரைமண்டி. "அரைமண்டி போட்ட உடம்பு, சுகப்பிரசவம்தான்" என்று வீட்டில் தைரியம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

தொடையில் வலு இருக்கும், மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பரதத்தில் வயிற்றை எக்கி, முதுகை நிமிர்த்தி, இடுப்பை அசையாமல் நிறுத்தித்தான் ஆட வேண்டும். பிள்ளை இறங்கி வருவதற்கோ கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள் தளர வேண்டும். வருடக்கணக்காக இறுக்கிப் பழகியவர்களுக்குத் தளர்த்துவதுதான் பெரிய பாடம்.

ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு நடன ஆசிரியையிடம் இடுப்பை வட்டமாகச் சுழற்றச் சொன்னேன். தோள்தான் சுழன்றது. "இடுப்பு ஆடுனா எங்க டீச்சர் தட்டுக்கழிய எடுத்துருவாங்கக்கா" என்றார். கூட வந்திருந்த மாமியார் பக்கத்து மாநிலமான கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவர். "ஏம்மா, கும்மி தெரியாதா உனக்கு?" என்று எழுந்துவிட்டார். முன்னால் குனிந்து தாழத் தட்டி, நிமிர்ந்து ஒரு தட்டு. பாரம் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற, இடுப்பு தானாக ஆடியது. மருமகளும் சேர்ந்துகொண்டார். நாலைந்து சுற்றில் கடித்துவைத்திருந்த தாடை விட்டது. அதைத்தான் நான் எப்போதும் கவனிப்பேன். பல்லைக் கடிப்பவர் கீழேயும் இறுக்கித்தான் வைத்திருப்பார். "தா தை தை தா" என்ற ஜதியை விளம்பத்தில், அதாவது மெதுவான வேகத்தில் சொல்லி, கடைசி "தா"வில் மூச்சை நீளமாக விடச் சொன்னேன். ஜதி அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அந்தப் பயிற்சிக்கு என் உதவியே தேவைப்படவில்லை.

பிரசவ வலியின்போது படுத்தே கிடக்காமல் நடமாடுவதற்கு ஆதாரமும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பின்படி, பிரசவ வலியின் முதல் கட்டத்தில் நடந்தும் நிமிர்ந்தும் இருந்தவர்களுக்கு, படுத்தே இருந்தவர்களைவிட அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது. சிக்கலில்லாத கர்ப்பிணிகளை வலியின்போது நடமாட ஊக்கப்படுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. நடனம் ஆடினால் ஆபரேஷன் தேவைப்படாது என்று மட்டும் யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

எல்லாருக்கும் எல்லா அடவும் (நடன அசைவும்) ஆகாது. கர்ப்பகாலத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோனால் மூட்டுப் பிணைப்புகள் நெகிழ்ந்திருக்கும். குதிப்பதும் காலை ஓங்கித் தட்டுவதும் வேண்டாம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் தாழ இருந்தால், முழுதாகக் குந்தும் முழுமண்டி கூடவே கூடாது. முதலில் பிங்க் புக்கில், அதாவது இங்கே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவுப் புத்தகத்தில், ஆபத்தின் அளவைக் காட்டும் ஸ்டிக்கர் என்ன நிறம் என்று பார்ப்பேன். சிவப்போ மஞ்சளோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்குவதில்லை. ஆடும்போது ரத்தக்கசிவோ மயக்கமோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடனப் பள்ளி நடத்தும் தோழிகளிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: மாணவி கர்ப்பம் என்றதும் சலங்கையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். டாக்டர் சரி என்றால் சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஆடட்டும், இடுப்பை ஆட்டட்டும், வாரம் ஒரு நாள் கும்மி தட்டட்டும்.