செவாலியர் மால்ட்: இரண்டாம் முயற்சி

வீட்டில் காய்ச்சும் என் பீர் ஒருவழியாக 1.013-க்கு இறங்கிவிட்டது. நம்பிக்கை வராமல், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மூன்று தடவை மிதக்கவிட்டுப் பார்த்தேன்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். போன மாதம் இதே மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) செய்தது 1.020-இல் உட்கார்ந்துகொண்டு, வாளியைக் குலுக்கினாலும் சூடு வைத்தாலும் அசையவில்லை. 3.5 சதவீத ஆல்கஹாலில், நாக்கில் ஒட்டுகிற தித்திப்போடு ஒரு பிட்டர், அதாவது கசப்பாக இருக்கவேண்டிய இங்கிலீஷ் பீர். குடித்த நண்பர், “என்னய்யா, ஹார்லிக்ஸில் ஹாப்ஸ் போட்டுட்டியா?” என்றார். ஹாப்ஸ்தான் பீருக்குக் கசப்பு தரும் பூ.

செவாலியர் பழைய இங்கிலாந்து பார்லி. 1820-களில் சஃபோக்கின் டெபன்ஹாமில் ஒரு பாதிரியார் பெருக்கிய ரகம். அவர் பெயரே நின்றுவிட்டது. புது ரகங்கள் வந்ததும் வயலை விட்டே போய்விட்டது. நாரிச்சின் ஜான் இன்னஸ் மையத்தில்தான் விதை வங்கியிலிருந்து எடுத்து மீட்டார்கள். ஐந்து வருடமாக மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தைத் தவிர வேறு அடி மால்ட் தொடாதவன் நான். இந்தக் கதையில்தான் மயங்கினேன்.

முதல் தடவை மாரிஸ் ஆட்டருக்குச் செய்வதையே செய்தேன்: 4.4 கிலோ மால்ட், 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேர ஊறல். இதற்குத்தான் மாஷ் என்று பெயர். அயோடின் சொட்டு விட்டேன், நீலம் வரவில்லை, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாவுச்சத்து உடைந்துவிட்டது என்றுதான் அயோடின் சொல்லும்; உடைந்தது ஈஸ்ட் தின்கிற சர்க்கரையாகவா, தின்னாத டெக்ஸ்ட்ரினாகவா என்று அதற்குத் தெரியாது.

இந்த முறை 64 டிகிரி, இரண்டு மணி நேரம். என் மாஷ் பெட்டி ஒரு பழைய ஐஸ் பெட்டி. முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் அதைச் சூடேற்றிக் கொட்டினேன். பிறகு 71 டிகிரியில் பதினொன்றரை லிட்டர். கிளறி, மூடி, மேலே இரண்டு கம்பளி. நடுவில் 64, ஓரத்தில் 61. மறுபடி கிளறினால் இரண்டும் 63. அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்கிற கெட்ட பழக்கத்தை மட்டும் விடமுடியவில்லை. மூடியைத் திறக்கும்போதே சூடு போகிறது என்று தெரிந்தும். முடிவில் 61.5.

சரி, இப்போது மானம் போகிற விஷயம். இரண்டாம் முயற்சிக்கு முந்தின நாள், சும்மா ஒரு சந்தேகத்தில் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைத்தேன். மைனஸ் 2 காட்டியது. கொதிநீரில் 98. ஆக, போன முறை நான் 67 என்று நினைத்தது உண்மையில் 69. ஈஸ்ட் தின்கிற சர்க்கரையை உண்டாக்கும் என்சைம் பீட்டா அமைலேஸ்; அந்தச் சூட்டில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு மாதமாக மால்ட்டைத் திட்டித் தீர்த்தேன், பாவம். ஆனால் தெர்மாமீட்டரையும் மாஷ் சூட்டையும் நேரத்தையும் ஒரே தடவையில் மாற்றித் தொலைத்தேன். எது சரிசெய்தது என்று இப்போது எப்படிச் சொல்வது?

அதனால் மூன்றாவது தடவை, புது தெர்மாமீட்டரோடு அதே 67, அதே ஒரு மணி நேரம். மால்ட்டை இனி அரைக்காமல்தான் வாங்கப் போகிறேன். கடையில் அரைத்து அனுப்பியதில் கைப்பிடிக்குப் பத்துப் பதினைந்து முழு மணிகள், உமிகூடக் கழலாமல். கேட்டால், “எல்லாருக்கும் இதே அரைப்புதான்” என்று பதில். கை உருளை ஆலைக்குக் காசு சேர்க்கிறேன். 25 கிலோ மூட்டை வாங்கலாம்தான், லண்டன் ஃப்ளாட்டில் எங்கே வைப்பது?

சாம்பிள் குடித்தேன். தித்திப்பு போய், தீய்ந்த ஓரமுள்ள ரொட்டியும் ஆரஞ்சுத் தோல் ஜாமும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. கோல்டிங்ஸ் ஹாப்ஸ் பின்னால் மெதுவாக வருகிறது. பாட்டிலில் அடைக்க வேண்டும். நாற்பது பாட்டிலும் இன்னும் கழுவவில்லை.