சின்ன எழுத்துகளில் இருக்கும் தங்கம்

இங்கிலாந்தில் ஒரு நூலகத்தின் படமெடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய கையெழுத்துப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை, ஒரு பக்கம் விடாமல் படம்பிடித்து இணையத்தில் ஏற்றத் தயார் செய்வதுதான் எங்கள் வேலை. சட்டப் புத்தகம், மடத்துக் கணக்கு, வரைபடம் என்று எல்லாம் வரும். ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது லத்தீன் செபப் புத்தகங்களோடுதான். குறிப்பாக, 'புக் ஆஃப் அவர்ஸ்' எனப்படும் நேரச் செபப் புத்தகங்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை, குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள் வீட்டில் வைத்துச் செபித்தவை இவை. இடைக்காலக் கையெழுத்துப் புத்தகங்களில் இன்றைக்கு இவ்வளவு எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கும் வேறொரு வகை இல்லை.

இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முழுப்பக்கப் படங்களைத்தான் சொல்வார்கள். பெர்ரி பிரபுவுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் வரைந்த, இப்போது பிரான்சில் ஷான்டியி அரண்மனையில் இருக்கும் புத்தகத்தின் மாதப் படங்கள்: ஜனவரி விருந்து, பிப்ரவரிப் பனி. சந்தேகமே இல்லை, அவை உலக அதிசயங்கள். 1416இல் பிரபுவும் சகோதரர்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, பாதியில் நின்ற வேலையை 1480களில் ழான் கொலோம்ப் என்ற ஓவியர் தொடர்ந்தார் என்ற கதையே மனதை உருக்கும்.

ஆனால் படம் எடுப்பவருக்கு அதிசயப் பக்கங்களை மட்டும் பார்க்கும் சலுகை கிடையாது. இருநூறு தாள் புத்தகம் என்றால் நானூறு பக்கம். அதில் பெரிய படம் இருப்பது பத்துப் பன்னிரண்டு பக்கங்களில்தான். மற்றதெல்லாம் எழுத்துப் பக்கங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, விளக்கைச் சரிபார்த்து, நிற அட்டையை ஓரத்தில் வைத்துப் படமெடுக்கும்போதுதான் இந்தப் புத்தகங்களின் அலங்காரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. அது அழகுக்கு மேல் பூசிய அழகு அல்ல. செபிப்பவர் வழி தவறாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் பக்க எண் கிடையாது. பொருளடக்கமும் கிடையாது. விடிகாலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறக்கும் ஒரு பெண்மணி, அந்த நேரத்துச் செபம் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? படத்தை வைத்துத்தான். மாதாவுக்கான செபத்தில் எட்டு நேரங்கள். முதல் நேரத்துக்குக் கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொல்லும் படம். அடுத்ததற்கு மரியாள் எலிசபெத்தைச் சந்திப்பது. அப்புறம் இயேசுவின் பிறப்பு, இடையர்களுக்குச் செய்தி, மூன்று ராஜாக்கள், கோவிலில் காணிக்கை, எகிப்துக்கு ஓடிப்போவது, கடைசியில் மாதாவுக்கு முடிசூட்டுவது. ஊருக்கு ஊர் சில மாற்றம் உண்டு. ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான். கழுதை மேல் மாதா போகும் படம் கண்ணில் பட்டால் மாலைச் செபம் வந்துவிட்டது.

அது பெரிய வழிகாட்டி. அதற்குக் கீழே படிப்படியாகச் சின்ன வழிகாட்டிகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 15ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செய்யப்பட்ட ஒரு புத்தகம். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. பக்கத்துக்குப் பதினைந்து வரி. மேலே 'தோமினே லாபியா மேயா அபெரியேஸ்', அதாவது 'ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்' என்று செபம் தொடங்குகிறது. அந்த முதல் 'D' எழுத்து நான்கு வரி உயரம். நீல உடம்பு, நடுவில் சுருண்டு ஏறும் கொடி, சுற்றிலும் தங்கம். விவிலியத்தின் சங்கீதப் பாடல் தொடங்கும் இடத்தில் எழுத்து இரண்டு வரி உயரமாகக் குறைகிறது. சங்கீதத்துக்குள் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரி உயர எழுத்து: ஒன்று நீலப் பின்னணியில் தங்கம், அடுத்தது இளஞ்சிவப்புப் பின்னணியில் தங்கம். வசனம் வரியின் நடுவிலேயே முடிந்தால், மீதி இடத்தை அதே நீலமும் சிவப்புமாக ஒரு பட்டை நிரப்புகிறது. கண் வெள்ளை இடத்தில் தடுமாறி நிற்பதில்லை. வசனத்துக்கு வசனம் மூச்சு விடும் இடம் தெரிந்துவிடுகிறது.

இந்த ஒரு வரி எழுத்துகளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு புத்தகத்தில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். யார் செய்தார்கள் என்று எந்தப் பெயரும் கிடையாது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் பெரிய படத்துக்குச் செய்த அத்தனை வேலையும் இதற்கும் உண்டு.

எழுதுபவர் முதலில் மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்த மையால் செபத்தை எழுதி முடிப்பார். அலங்கார எழுத்துக்கு இடம் விட்டு, என்ன எழுத்து வர வேண்டும் என்று பொடியாகக் குறித்து வைப்பார். வேலை முடியாத புத்தகங்களில் அந்தக் குறி இன்றும் அப்படியே தெரியும். அடுத்து தங்க வேலை. வண்ணத்துக்கு முன்னால் தங்கம்தான். இல்லாவிட்டால் மெல்லிய தங்க ரேக்கு வண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும், மெருகிடும்போது வண்ணமும் கெடும். சுண்ணச் சாந்தும் ஈய வெள்ளையும் பசையும் கொஞ்சம் சர்க்கரையோ தேனோ சேர்த்துக் குழைத்த கலவையை எழுத்தின் வடிவில் மேடாக இட்டுக் காயவிடுவார்கள். இடத்தைப் பார்த்து வைப்பதற்காகப் பல சமயம் அதில் செங்காவி மண்ணும் சேரும். காய்ந்ததும் அதன் மேல் வாயால் ஊதுவார்கள். இனிப்பு, மூச்சுக் காற்றின் ஈரத்தை இழுத்து லேசாகப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் தங்க ரேக்கை வைத்து அழுத்த வேண்டும். பிறகு வழவழப்பான கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். 1400 வாக்கில் இதையெல்லாம் எழுதிவைத்த இத்தாலிய ஓவியர் செனினோ செனினி, இறைச்சி தின்னும் எந்த விலங்கின் பல்லும் இதற்கு உதவும் என்கிறார். ஒரு வசனத்தின் முதல் எழுத்துக்காக இத்தனையும்!

வண்ணங்களும் லேசுப்பட்டவை அல்ல. சிவப்புக்குச் சாதிலிங்கம் அல்லது ஈயச் செந்தூரம். மஞ்சளுக்கு அரிதாரம், அது பாஷாண வகை. உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல். அதை அரைத்தால் மட்டும் நீலம் வந்துவிடாது, சாம்பல்தான் வரும். அரைத்த பொடியை மெழுகும் பிசினும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் போட்டு அழுத்த அழுத்த, நீலம் மட்டும் பிரிந்து அடியில் இறங்கும். முதலில் இறங்குவதுதான் உசத்தி. செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை, பக்கமாக இருக்கும் தோல்தாளையே தின்றுவிடும். அப்படிப்பட்ட பக்கம் வரும்போது பாதுகாப்புப் பிரிவு ஆள் பக்கத்திலேயே நிற்பார். நான் பக்கத்தைத் தொடக்கூட மாட்டேன், அவரே புரட்டுவார்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வைத்த தங்கத்தைப் படம் எடுத்தால் என்ன ஆகிறது? இதுதான் என் வேலையின் தீராத வருத்தம். பக்கம் முழுவதும் சமமாக வெளிச்சம் விழ வேண்டும், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் விதி. அதற்காக இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக, மென்மையாக விளக்கு வைப்போம். ஆனால் மெருகேற்றிய தங்கம் எதிரில் இருப்பதை அப்படியே திருப்பிக் காட்டும். எங்கள் அறையில் எதிரில் இருப்பது கறுப்புக் கூரை. விளைவு, தங்கம் படத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ விழுகிறது. தங்கத்தைப் பொடியாக்கிப் பிசினில் குழைத்துத் தூரிகையால் தீட்டுவது இன்னொரு முறை. அதில் தங்கம் அதிகம் செலவாகும், பளபளப்போ குறைவு. ஆனால் படத்தில் அது அருமையாக மின்னும். கணினித் திரையில் பார்ப்பவர், பளபளப்பு குறைந்த தங்கத்தை ஒளிர்வது என்றும், மெருகேற்றியதை மங்கிப்போனது என்றும் நினைத்துக்கொள்வார். மேலே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் தங்கம் உயிர் பெறும். பக்கத்தில் தோல்தாளின் சுருக்கங்கள் மறைந்து தட்டையாகிவிடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

ஏனென்றால் இந்தத் தங்கம் அசையாத வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. கையில் வைத்துப் படிக்கும் புத்தகம், ஆடும் சுடர். நியூயார்க்கில் இருக்கும் ழான் தெவ்ரோ அரசியின் செபப் புத்தகம் 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம்தான். 1320களில் ழான் புசேல் வரைந்தது. அந்த அளவுப் புத்தகத்தை யாரும் மேசையில் விரித்து வைத்து அசையாமல் படிக்க மாட்டார்கள். கை சற்றுத் திரும்பினாலும் மேடாக நிற்கும் தங்கத்தில் ஒளி ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு நகரும். பக்கம் புரட்டும்போது வசனங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். முதல் முறை அதை நேரில் பார்த்தபோது, இத்தனை காலம் திரையில் பார்த்ததெல்லாம் பாதிதான் என்று தோன்றியது.

படமெடுக்கும்போது தெரியும் இன்னொரு விஷயம், மனிதர்களின் கை. வெளி ஓரத்தின் கீழ் மூலை, கட்டைவிரல் படும் இடம், சில பக்கங்களில் கறுத்திருக்கும். சில பக்கங்களில் புதிது போல வெளுத்திருக்கும். கேத்ரின் ரூடி என்ற ஆய்வாளர், ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் டென்சிடோமீட்டர் கருவியால் நெதர்லாந்துச் செபப் புத்தகங்களின் அழுக்கை அளந்து, எந்தச் செபத்துக்கு உரிமையாளர் அடிக்கடி திரும்பி வந்தார் என்று 2010இல் எழுதினார். அதைப் படித்த பிறகு நான் ஓரங்களைப் பார்க்காமல் பக்கம் புரட்டியதில்லை. ஓரத்தை வெட்டிவிட்டு எழுத்தை மட்டும் காட்டும் படம் பாதிப் புத்தகத்தைத் தூக்கி எறிகிறது என்பது என் உறுதியான கருத்து. முத்தமிட்டு முத்தமிட்டு மாதாவின் முகம் அழிந்த பக்கங்கள் உண்டு. தங்கம் தேய்ந்து அடியில் செங்காவி தெரியும் இடங்களும் உண்டு. அவற்றைச் சேதம் என்று பட்டியலில் குறிப்பது வழக்கம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை.

சேதம் என்று சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. புத்தகத்தின் தொடக்கத்தில் நாட்காட்டி இருக்கும்: புனிதர்களின் திருநாள்கள், முக்கியமானவை சிவப்பில் அல்லது தங்கத்தில். ஜனவரி 3இல் ஜெனவியேவ் தங்கத்தில் மின்னினால் புத்தகம் பாரிஸ் பக்கம். அக்டோபர் 23இல் ரோமேன் இருந்தால் பிரான்சின் ரூவான் நகரம். இங்கிலாந்துப் புத்தகத்தில் டிசம்பர் 29ஐப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கீறல் இருக்கும். அது தாமஸ் பெக்கெட் புனிதரின் நாள். அவர் பெயரை எல்லாப் புத்தகங்களிலிருந்தும் நீக்க வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றி 1538இல் ஆணையிட்டார். சிலர் கத்தியால் முழுக்கச் சுரண்டியிருக்கிறார்கள். சிலர் மெல்லிய ஒற்றைக் கோடு போட்டு, ஆணைக்கும் பணிந்து, பெயரையும் படிக்கும்படி விட்டிருக்கிறார்கள். அந்த ஒற்றைக் கோட்டைப் படமெடுக்கும்போது கூர்மை சரியாக விழுந்திருக்கிறதா என்று தவறாமல் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அரசாணையை விடப் பெரிய நாசம் ரசிகர்கள் செய்தது. படத்துக்காகத் தாளை வெட்டி எடுப்பது 19ஆம் நூற்றாண்டில் மரியாதையான பொழுதுபோக்காக இருந்தது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், மாலையில் ஒரு பூசைப் புத்தகத்தை வெட்டினேன், கடினமான வேலை என்று 1854 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் இவற்றை உயிராக நேசித்தவர். இன்றும் ஏலத்தில் தனித்தாள்கள் விற்கின்றன. படம் உள்ள தாள் ஒரு வீட்டுச் சுவரில், ஒரு வரி எழுத்துகள் மட்டுமுள்ள தாள் எங்கேயோ. கிளீவ்ஸின் கேத்ரினுக்காக 1440 வாக்கில் உட்ரெக்ட் ஊரில் செய்யப்பட்ட புத்தகம் 19ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டு, இரண்டு புத்தகமாகக் கட்டப்பட்டது. இரண்டும் நியூயார்க்கின் மார்கன் நூலகத்துக்கு 1970க்குள் வந்துசேர்ந்தது பெரிய கொடுப்பினை. எல்லாப் புத்தகத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

சமீபத்தில் எங்கள் பிரிவுக்கு, பல கோணங்களிலிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுக்கும் வசதி வந்தது. கேமரா அசையாது, விளக்கு மட்டும் இடம் மாறும். பார்ப்பவர் திரையில் வெளிச்சத்தைத் தானே நகர்த்திப் பார்க்கலாம். டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் ஹெச்பி ஆய்வகத்தில் உருவாக்கிய முறையின் வழி வந்தது இது. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் ஒரு புத்தகத்துக்குச் சில பக்கங்கள்தான் அனுமதி. எல்லோரும் படமுள்ள பக்கங்களைச் சொன்னார்கள். ஏழு மனத்துயர்ச் சங்கீதங்களிலிருந்து படமே இல்லாத இரண்டு பக்கங்களையாவது சேருங்கள் என்று நான் விடாமல் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு பக்கங்களும் புத்தகத்தின் வெவ்வேறு கட்டுகளில் இருந்தவை. எட்டெட்டுத் தாள்களாக மடித்துத் தைத்த கட்டுகள். வெளிச்சத்தைத் தாழ்வாகச் சாய்த்ததும் ஒன்றில் ஒரு வரி எழுத்துகள் நல்ல மேடாக, உருண்டு நின்றன. மற்றதில் சாந்து மெலிதாக, ஏறக்குறையத் தட்டையாக இருந்தது. சாதாரணப் படத்தில் இரண்டும் ஒன்றே போலத்தான் தெரிந்தன. பட்டறையில் கட்டுகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து வேலை வாங்குவது அன்றைய வழக்கம். இங்கே தங்கம் வைத்தவர்கள் குறைந்தது இரண்டு பேராக இருக்கலாம் என்று பட்டியல் தயாரிப்பவரும் நானும் நினைக்கிறோம். உறுதியாகச் சொல்ல இரண்டு பக்கங்கள் போதாது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓர் எழுத்துப் பக்கமாவது இந்த முறையில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.