என்12 கையில் வந்த பிறகு: ஸ்காபரோவில் சட்ட உதவி நிலையங்களின் படியேறிய அனுபவம்

கனடாவின் ரொறன்ரோ மாநகரில், ஸ்காபரோவில் உள்ள ஒரு நிலக்கீழ் வீட்டில் 2016 முதல் வாடகைக்கு இருக்கிறோம். 2025ஆம் ஆண்டுக்கு ஒன்ராறியோ அரசு அனுமதித்திருந்த வாடகை உயர்வு 2.5 சதவீதம். வீட்டுக்காரர் கேட்டதோ அதைப் போலப் பல மடங்கு. நாங்கள் மறுத்ததும், மகன் குடிவரப் போகிறார் என்று என்12 படிவத்தைக் கதவின் கீழால் தள்ளிவிட்டுப் போனார். வீட்டுக்காரரோ அவருடைய குடும்பத்தவரோ குடிவருவதற்காக வாடகையாளரை வெளியேறக் கேட்கும் அறிவித்தல் அது; இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதை எதிர்த்து நிற்கச் சட்ட உதவி நிலையத்தில் யாரைப் பிடிக்க வேண்டும், யாரிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் எழுதுகிறேன்.

முதலில் போன நிலையத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தொலைபேசியை எடுத்தவர், "கடிதங்களைக் கொண்டு நேரில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அரைநாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய் வரிசையில் நின்றால், மேசையில் இருந்தவர் அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டு, நீங்கள் எங்கள் எல்லைக்குள் இல்லை என்று ஒரு துண்டுக் கடதாசியில் வேறு இலக்கம் எழுதித் தந்தார். ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பின் நிதியில் இயங்கும் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் பெரும்பாலும் தத்தம் எல்லைக்குள் வசிப்பவர்களையே ஏற்கும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை; ஆனால் அஞ்சல் குறியீட்டைக் கேட்பதற்குத் தொலைபேசி போதாதா? வீட்டை விட்டு இறங்குமுன் நீங்களே உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, எந்த நிலையம் உங்களுக்குரியது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்களுக்குரிய நிலையத்தில் முதலில் பேசியவர் பதிவு அலுவலர். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே இடைமறித்து, வீட்டுக்காரரின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். மீண்டும் தொடங்கினேன், மீண்டும் தடுத்தார். கல்மனம் படைத்தவர் என்றுதான் நினைத்தேன். அதே நிலையம் முன்னொரு காலத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கு ஏதாவது விடயத்தில் உதவியிருந்தால் எங்கள் கதையைக் கேட்கவே அவர்களுக்கு உரிமையில்லை என்பதும், அதனால்தான் பெயரை முதலில் சரிபார்க்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒருவரை ஒருவர் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சந்தித்துக்கொள்ளும் எங்கள் ஊரில் இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். அடுத்த கேள்வி, வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்கிறீர்களா என்பது. பகிர்ந்தால் 2006ஆம் ஆண்டின் வதிவிட வாடகைச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. எங்களுக்கு இரண்டும் தனியாக இருந்ததால் தப்பினோம். நிலக்கீழ் வீடு மாநகர சபையில் பதியப்படாதது என்று வீட்டுக்காரர் மிரட்டினாலும் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு என்பதையும் அந்தப் பதிவு அலுவலரே சொன்னார். வருமானத்துக்குச் சான்றாக வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலைக் கேட்டார்கள். மனைவியுடையது கிடைக்காமல் சில நாட்கள் வீணாயின.

அந்த இடைவெளியில், பிளாசா ஒன்றில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் உறவினர் எங்களைக் கூட்டிப் போனார். அவர் என்12ஐப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சக் காசு வாங்கித் தாறன், என்11இல் கையெழுத்து வையுங்கோ" என்றார். நல்ல வேளை, வீட்டுக்குப் போய் யோசிப்பதாகச் சொல்லி எழுந்து வந்தோம். என்11 என்பது நாங்களாகவே வெளியேறச் சம்மதிக்கும் ஒப்பந்தம். அதை வைத்து வீட்டுக்காரர் விசாரணையே இல்லாமல் வெளியேற்றும் கட்டளையைப் பெற முடியும். கட்டணம் வாங்கிக்கொண்டு வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் வீட்டு உரிமையாளர் வாடகையாளர் சபையில் உங்களுக்காக வாதாட முன்வருபவர் வழக்கறிஞரா, அல்லது வழக்கறிஞர் அல்லாவிட்டாலும் இத்தகைய வழக்குகளில் வாதாட உரிமம் பெற்ற பாராலீகலா என்பதை ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிச் சில நிமிடங்களில் அறியலாம். இவருடைய பெயர் அதில் இருக்கவில்லை.

நிலையத்தில் எங்கள் கோப்பு அடுத்ததாகச் சமூகச் சட்டப் பணியாளரிடம் போனது. வழக்கறிஞர் அல்ல என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். ஆனால் இந்த வழக்கின் திருப்பம் அவருடைய கண்ணில்தான் பட்டது. வாடகையை நாங்கள் முதலாம் திகதியில் கட்டுகிறோம். என்12இல் வெளியேறும் திகதி மாதத்தின் 15 என்று போடப்பட்டிருந்தது. அறுபது நாள் அவகாசம் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தத் திகதி வாடகைக் காலத்தின் கடைசி நாளாகவும் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு உடனே குறுஞ்செய்தி அனுப்பக் கை துடித்தது. பணியாளர் தடுத்தார்: இப்போது சொன்னால் நாளைக்கே சரியான திகதியோடு புதிய படிவம் வரும், விசாரணைவரை வாயைத் திறக்காதீர்கள் என்றார். அந்த மௌனம் மாதக்கணக்கில் நீண்டது. வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்ட போதெல்லாம் சிரமப்பட்டே அதைக் காத்தோம்.

இன்னொரு சிரமம், நிலையம் எங்களுக்காக வாதாடுமா என்பது இழுபட்டதுதான். ஆலோசனை தருவது வேறு, வழக்கில் முன்னிற்பது வேறு. இரண்டாவதை வழக்கறிஞர் கோப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். விசாரணை அறிவித்தல் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த பின்னரும் பதில் இல்லை. விசாரணை நாளில், தமக்கென வழக்கறிஞர் இல்லாத வாடகையாளர்களுக்கு அன்றைக்கு மட்டும் உதவும் கடமை வழக்கறிஞர் இருப்பார் என்று ஆறுதல் சொன்னார்கள். அன்று காலை பட்டியலில் உள்ள பல வாடகையாளர்களுக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும், உங்கள் ஆவணங்களை முன்கூட்டிப் படித்திருக்கவும் மாட்டார் என்பதை மனதில் வைத்து, பற்றுச்சீட்டுகள், வாடகை உயர்வு கேட்ட குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி, விசாரணைக்கு ஏழு நாள் முன்னதாகவே சபைக்கும் மறுதரப்புக்கும் அனுப்பிவிடுங்கள். நாங்கள் தொல்லை கொடுப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை என்று திரும்பத் திரும்ப அழைத்தோம். கடைசியில் வழக்கறிஞர் எங்கள் கோப்பை எடுத்தார்.

விசாரணை சூமில் நடந்தது. சமரசத்துக்குப் போகலாமே என்று சபை அலுவலர் கேட்டபோது வழக்கறிஞர் மறுத்துவிட்டு, தீர்ப்பாளர் முன் வழக்கு அழைக்கப்பட்டவுடன் திகதிப் பிழையை எழுப்பினார். ஒரு மாத வாடகையை இழப்பீடாக, வெளியேறும் திகதிக்குள் வீட்டுக்காரர் கொடுத்திருக்கவில்லை என்பதை இரண்டாவது வாதமாக வைத்திருந்தார். அதற்குத் தேவையே வரவில்லை. மகன் குடிவருவது உண்மையா பொய்யா என்ற பேச்சுக்குப் போகாமலே வீட்டுக்காரரின் விண்ணப்பம் தள்ளுபடியானது. காத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் எங்கள் முறை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

ஆனால் அவர் சரியான திகதியிட்டு இன்னொரு என்12 தருவதற்குத் தடையில்லை. நிலையத்திலிருந்தோ, உங்கள் கோப்பு மூடப்படுகிறது, புதிய அறிவித்தல் வந்தால் மீண்டும் பதிவு அலுவலரையே அழையுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தோடு சபையின் கட்டளை, பழைய என்12, அது வந்த உறை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். மனைவியின் வரி அறிவித்தலையும் இம்முறை பிரதியெடுத்து அதனுள் வைத்தாயிற்று.