எந்தப் புயல்?

"புயலுக்கு நான் இடுப்புப் பிள்ளை தம்பி." அந்த ஆத்தா சொன்னது இவ்வளவுதான். நான் 50 என்று தட்டினேன். கணினி 2013-இல் ஐம்பதைக் கழித்து 1963 என்று காட்டியது. கைரேகை வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆதார் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பிறந்த தேதிக்குச் சான்று இருந்தால் தேதி, இல்லையென்றால் தோராய வயது. எங்கள் கரையில் வயசானவர்கள் பலருக்கும் தோராயம்தான். அதற்காக அவர்களை மறதிக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "கச்சான் அடங்கிருச்சு, வாடை இன்னும் எடுக்கல, பாங்கு சொல்ற நேரம், நண்டு வலை வாசல்ல கிடந்துச்சு" என்று காற்றை வைத்தே மகன் பிறந்த பொழுதை அப்படியே கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். எந்த வருசம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். காற்று வருசா வருசம் திரும்பி வருகிறது, அதற்கு நம்பர் போட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. தேவை எங்களுக்குத்தான்.

அதனால் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இலங்கையிலிருந்து சனங்கள் வந்து இறங்கியது 1983. பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988. சுனாமி 2004. எங்கள் பக்கம் அது பெரிதாக அடிக்கவில்லை, ஆனாலும் கணக்குக்கு உதவும். 1964-ஐ அந்தப் பட்டியலில் எழுதவே இல்லை. பாம்பன்காரனுக்கு அதை எழுதி வைக்க வேண்டுமா என்ன? டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், திரும்பி வராத சனங்கள், 46 நாளில் மறுபடி தூக்கி நிறுத்திய ரயில் பாலம் என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் புயல் என்றால் அந்தப் புயல்தான். அதற்கு ஒரு பெயரோ வருசமோ சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

2018-இல் கஜா அடித்து ஓய்ந்த பிறகு அந்த ஆத்தா முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வந்தார். நான் அப்போது ஒரு இ-சேவை மையத்தில் இருந்தேன். அட்டைப்படி அவருக்கு வயது 55. அறுபது ஆக வேண்டும்.

"இன்னும் அஞ்சு வருசம் போகணும் ஆத்தா."

"எனக்கா அம்பத்தஞ்சு? தனுஷ்கோடி அழிஞ்ச சேதி வந்தப்ப நான் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு உலை பாத்துக்கிட்டு இருந்தேனே."

"புயலுக்கு நீங்க இடுப்புப் பிள்ளைன்னு சொன்னீங்களே?"

"அது எங்க ஊர்ப் புயல் தம்பி. ராஜாமடத்துப் பக்கம். வீட்டுக்குள்ள கடல் வந்துச்சே, அது."

அவர் தொண்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ராஜாமடத்துப் புயலைப் பற்றியும் அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். 1955, நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கிற சமயம். தஞ்சாவூர்க் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன புயல். அவர் தன் கரையின் புயலைச் சொல்லியிருக்கிறார், நான் என் கரையின் புயலை எழுதியிருக்கிறேன். இடையில் ஒன்பது வருசம்.

அப்போது கொடுத்த மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒன்பது வருசத்துக்கு 1,08,000 ரூபாய். இந்தக் கணக்கை எத்தனையோ ராத்திரி போட்டுவிட்டேன். உடனே இன்னொரு கணக்கும் வந்துவிடும். வயது மட்டும் இருந்தால் உதவித்தொகை கிடைத்துவிடாது, வறுமை, ஆதரவு என்று எல்லாம் விசாரித்துத்தான் தருவார்கள். 2014-இலேயே அவருக்குக் கிடைத்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? முகாம் அன்று வெளியே வெயிலில் அவ்வளவு பெரிய வரிசை. திரையில் தெரிந்த வருசத்தை வாசித்தும் காட்டினேன், அவர் தலையை ஆட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், 1963 என்ற எண்ணைக் கேட்டு, தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்வார் என்று அப்புறம்தான் தோன்றுகிறது.

அன்று அவர் கையில் ரேஷன் அட்டை இருந்தது. உள்தாள் மேல் உள்தாளாக ஒட்டிய 2005-ஆம் வருசத்து அட்டை. அதில் வயது 45. அப்படிப் பார்த்தால் பிறந்தது 1960. என் கணக்குக்கும் சேரவில்லை, ராஜாமடத்துக் கணக்குக்கும் சேரவில்லை. வேறு யாரோ அவர் முகத்தைப் பார்த்துப் போட்ட முழு எண் என்றுதான் அன்றைக்கு அதை விட்டேன். நான் போட்ட 50-ம் முழு எண்தான்.

திருத்தலாம் என்றால் ஆவணம் வேண்டும். பள்ளிக்கூடம் போனதில்லை, பிறப்பைப் பதியவும் இல்லை. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த தடவை வந்தபோது அவரே, "தனுஷ்கோடிப் புயலப்ப தம்பி பொறந்திருந்தானா, இல்ல அது பக்கத்து வீட்டுப் பிள்ளையா" என்று யோசித்தார். எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. தூக்கி வைத்திருந்த பிள்ளை யாராக இருந்தால் என்ன, பிள்ளை தூக்குகிற வயது அவருக்கு இருந்திருக்கிறது.

2023-இல் அட்டைப்படி அறுபது ஆனதும் மனுவை நானே போட்டுக் கொடுத்தேன். அப்போது மஞ்சள் பைக்குள்ளிருந்து பழைய ஆதார் ஒப்புகைச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. அந்த முகாமை மழை நாளாகத்தான் நான் நினைவில் வைத்திருந்தேன். தரையெல்லாம் சேறு, என் மேசைக்குக் கீழே சாக்கு விரித்திருந்தது. சீட்டில் மே மாதம் என்று இருக்கிறது. மணி, நிமிடம், வினாடி வரை அச்சாகியிருக்கிறது. வெயிலில் நின்ற வரிசை என்று மேலே எழுதினேனே, அது இந்தச் சீட்டைப் பார்த்த பிறகு நான் சேர்த்துக்கொண்டது.

"எந்தப் புயல் ஆத்தா?" என்று அன்றைக்கு நான் கேட்டது போலவும் சில நாள் இருக்கிறது. குரல்கூடக் கேட்கிறது. ஆனால் அதற்கு அவர் சொன்ன பதில் மட்டும் எவ்வளவு யோசித்தும் வருவதில்லை.